பாலிமர் கிளேயில் மணி உருட்டி, வீட்டு ஓவனிலேயே சுட்டுக் கம்மல் செய்ய முடியுமா? உடையாமல் இருக்குமா?

டெரகோட்டா நகை செய்து பழகியவர் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கை ஏற்கெனவே தயார். நான் பெரம்பூரில் ஒரு சின்ன வீட்டில், சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் நான்கு வருடமாக இதைச் செய்கிறேன். முடியுமா என்றால் முடியும். உடையாமல் இருக்குமா என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முதல் ஜோடி உடைந்தது.

என் ஓரகத்திக்குச் செய்து கொடுத்த கம்மல் அது. அடர் பழுப்பு மணி, பித்தளைக் கொக்கி. அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் உட்கார்ந்து தலையைத் திருப்பியபோது தோளில் இடித்து ஒரு மணி பாதியாகப் பிளந்தது, நேராகப் பக்கத்து இலையில் விழுந்தது. அந்த இலைக்கார மாமி அதைச் சுண்டைக்காய் வற்றல் என்று நினைத்து ஓரமாக ஒதுக்கிவிட்டார். நல்லவேளை, அவருக்கு வற்றல் பிடிக்காது.

உடைந்த துண்டை வாங்கிப் பார்த்தேன். உள்ளே பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. சரியாக வேகவில்லை, அவ்வளவுதான்.

டெரகோட்டாவிலிருந்து வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பெயரில் கிளே இருந்தாலும் இது மண் இல்லை. பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கின் பொடியும் அதை மென்மையாக்கும் எண்ணெய் போன்ற பொருளும் சேர்ந்த பிசின். மண்ணில் முதலில் ஈரம் காய வேண்டும், பிறகு சூளை. இதில் காய்வதற்கு ஈரமே கிடையாது. சரியான சூட்டில் அந்தப் பொடி ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்தால்தான் பலம் வரும். சூடு குறைந்தால் மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே ஒட்டியிருக்காது. மொட்டை மாடி வெயிலில் காயவைக்கும் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

என்ன சூடு என்பது பாக்கெட்டிலேயே இருக்கும். ஃபிமோ பிராண்டு என்றால் 110 டிகிரி செல்சியஸ், ஸ்கல்பி பிரீமோ பிராண்டு என்றால் 130 டிகிரி. என் தவறு, ஓ.டி.ஜி. என்ற சின்ன மின்சார ஓவனின் குமிழை 130-இல் வைத்துவிட்டு அதை நம்பியது. ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்தால் உள்ளே 105 காட்டியது. இன்னொரு நாள் அதே குமிழில் 145 வரை எகிறியது. ஆகவே கிளே வாங்கும் முன் தெர்மாமீட்டரை வாங்குங்கள். மைக்ரோவேவ் மோட் வேண்டவே வேண்டாம். 175 டிகிரி பக்கம் போனால் கருகி, ஹைட்ரஜன் குளோரைடு கலந்த புகை வரும், மூக்கும் கண்ணும் எரியும். அப்படி ஆனால் ஓவனை அணைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள்.

நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 6 மி.மீ. கனத்துக்கு அரை மணி நேரம் என்பது கணக்கு. நான் 10 மி.மீ. மணிக்கு ஒரு மணி நேரம் விடுகிறேன். நேரம் கூடினால் பாதகமில்லை, சூடு கூடினால்தான் ஆபத்து. ஓ.டி.ஜி.யில் சூடேறும் கம்பிகள் பக்கத்திலேயே இருப்பதால் மேலே அலுமினியம் ஃபாயிலைக் கூடாரம் போல மூடிவிடுவேன். நடுவில் கரண்ட் போனாலும் கவலைப்பட வேண்டாம், வந்தபின் மறுபடி முதலிலிருந்து சுடலாம். கூடவே அதே கிளேயில் மெல்லிய பட்டை ஒன்றையும் வையுங்கள். ஆறியபின் அதை வளைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் மணியும் தேறும், டப்பென்று முறிந்தால் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே தள்ளுங்கள். அந்தத் தட்டில் அப்புறம் கேக் சுடாதீர்கள்.

இனி உருட்டுவது. இரண்டு காதுக்கும் ஒரே அளவு வர வேண்டும், இதில் கண்ணை நம்ப முடியாது. கிளேயை 8 மி.மீ. தடிமனில் முறுக்கு மாவு போல நீளமாக உருட்டி, ஸ்கேல் வைத்து 8 மி.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். உருண்டையாக்கினால் ஒவ்வொன்றும் 9 மி.மீ. சுமாருக்கு வரும். வெள்ளையை முதலில் உருட்டிவிடுங்கள். சிவப்பைத் தொட்ட கையோடு வெள்ளையைத் தொட்டால் ரோஸ் கலர்தான்.

சென்னையில் கிளே சீக்கிரம் இளகிவிடும். கத்திரி வெயில் சமயத்தில் உள்ளங்கைச் சூட்டிலேயே கொழகொழவென்று ஆகி, ரேகை பதியும். உருட்டியதைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, அப்புறம்தான் துளை போட வேண்டும். தடித்த தையல் ஊசியை அழுத்தாமல், திருகிக்கொண்டே உள்ளே விடுங்கள். மறுபக்கம் முனை லேசாக எட்டிப் பார்த்ததும் வெளியே எடுத்து, அந்தப் புள்ளியிலிருந்து எதிர்ப்பக்கமாகக் குத்துங்கள். ஒரேயடியாகக் குத்தினால் பின்பக்கம் பிதுங்கி, குட்டித் தொப்புள் மாதிரி நிற்கும். சுடும்போது கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால் அடிப்பக்கம் தட்டையாகாது. விசிறி மடிப்பாக மடித்த காகிதத்தில் வைத்தாலும் சரி.

பளபளப்புக்கு நெயில் பாலிஷ் பூசாதீர்கள், சில வாரங்களில் பிசுபிசுக்க ஆரம்பிக்கும். ஹார்டுவேர் கடை உப்புத்தாளில் 400, 600, 1000 நம்பர் என்று வரிசையாகத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியால் துடைத்தால் போதும்.

ஹெட் பின் (மணியைக் கோக்கும் தலையுள்ள கம்பி), ஜம்ப் ரிங் (இணைக்கும் குட்டி வளையம்), கொக்கி எல்லாம் சவுகார்பேட்டை நாராயண முதலி தெருவில் கிடைக்கும். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் அந்தக் கூட்டத்தில் நிற்க முடியாது. ஜம்ப் ரிங்கைப் பக்கவாட்டில் விரிக்காமல், ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருப்பித் திறந்தால் வட்டம் கெடாது. சிலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் காது புண்ணாகும். அவர்களுக்கு வெள்ளிக் கொக்கி போடுங்கள்.

கனமும் முக்கியம். 10 மி.மீ. மணி ஏறக்குறைய 1 கிராம். பெரிதாக இருக்கட்டுமே என்று 20 மி.மீ. உருட்டினால் எடை இரண்டு மடங்கு இல்லை, எட்டு மடங்கு. காது இழுக்கும். பெரிய மணி வேண்டுமென்றால் உள்ளே ஃபாயிலை உருட்டி வைத்து, மேலே கிளே போர்த்துங்கள்.

ஓரகத்திக்கு மறுபடியும் ஒரு ஜோடி செய்து கொடுத்தேன். வாங்கியதும் நன்றிகூடச் சொல்லாமல் ஒன்றைத் தரையில் ஓங்கிப் போட்டார். அது துள்ளிக்கொண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. ஒட்டடைக்குச்சியை விட்டுத்தான் எடுத்தோம்.