ஜார்ஜ் என்ற கடைசி நத்தை

கேள்வி: ஹவாய் காடுகளில் மரத்தில் வாழும் வண்ண நத்தைகள் அழிந்து வருகின்றனவாமே, யார் பிடிக்கிறார்கள்?
- தேனி வாசகி

பதில்: ஒரு காலத்தில் ஓட்டின் அழகுக்காக மனிதர்கள்தான் கூடை கூடையாகப் பொறுக்கினார்கள். ஆனால் இப்போது பெரிய எதிரி இன்னொரு நத்தை! பயிரைத் தின்னும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்க, 1955-ல் 'ரோஸி உல்ஃப்' என்ற வேட்டை நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அதுவோ ராட்சத நத்தையை ஒழிக்காமல், உள்ளூர் நத்தைகள் விட்டுப்போன பிசுபிசுப்புத் தடத்தை மோப்பம் பிடித்து, மரத்திலும் ஏறித் தின்னத் தொடங்கிவிட்டது. அப்புறம் எலி வேறு.

பாவம், விரல் நகம் அளவே உள்ள இந்த மர நத்தைகள் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. மஞ்சள், பழுப்பு, வெள்ளைப் பட்டைகளோடு இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு, இலைமேல் படரும் பூஞ்சையைத்தான் சுரண்டித் தின்கின்றன, இலையைக் கடிப்பதுகூட இல்லை. முட்டையிடாமல் ஒவ்வொன்றாகக் குட்டி போடும், அந்தக் குட்டி வளர்ந்து இனம் பெருக்கவே சில வருடங்கள் ஆகும். இந்த வேகத்தில் பெருகி எப்படித் தப்பிக்கும்?

1997-ல் ஒரு இனத்தின் கடைசி 10 நத்தைகளை ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார்கள். அங்கே பிறந்து, துணையின்றி 14 வயது வரை வாழ்ந்த ஜார்ஜ், 2019 புத்தாண்டு தினத்தில் இறந்தது. அந்த இனத்தில் அறியப்பட்ட கடைசி நத்தை அதுதான்.

மற்ற சில இனங்களைக் காட்டிலேயே வேலியடைத்துக் காக்கிறார்கள்.