கனடாவை விட்டுவிட்டு வாங்கிய தீவு

கேள்வி: கரீபியனில் குவாதலூப் தீவுத் தமிழ் வம்சாவளியினர் பிரெஞ்சுக் குடிமக்கள். கையில் யூரோ புழங்குகிறது. இதைவிட என்ன கொடுப்பினை வேண்டும்? 2009-இல் 44 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களாமே, கொழுப்புதானே? – வாசகர், காரைக்கால்

பதில்: யூரோ இருக்கிறது, சரி. அதை வைத்து அங்கே என்ன வாங்க முடியும்? பிரெஞ்சு அரசின் புள்ளிவிவரத் துறையே 2022-இல் எடுத்த கணக்கில், உணவுப் பொருள்களின் விலை பிரான்சில் இருப்பதைவிடச் சுமார் 40 விழுக்காடு அதிகம். பெரும்பாலானவை அட்லாண்டிக்கைத் தாண்டிக் கப்பலில் வருகின்றன. வந்து இறங்கியதும், காலனிக் காலத்திலிருந்து தொடரும் கடல் வரி வேறு. 2009-இல் அவர்கள் கேட்டது விலைக் குறைப்பும், குறைந்த சம்பளக்காரருக்கு மாதம் 200 யூரோ உயர்வும். இதில் கொழுப்பு எங்கே வந்தது?

மண் சரியில்லையா என்றால், அதுவும் இல்லை. பட்டாம்பூச்சிச் சிறகு போல இரண்டு நிலங்கள். மேற்கில் 1,467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலை, நல்ல மழை, வாழைத் தோட்டம். கிழக்கில் சுண்ணாம்புக்கல் சமவெளி, கரும்பு. ஆனால் விளைவது வெளியே போகிறது, சாப்பிடுவது வெளியிலிருந்து வருகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். ஏழாண்டுப் போரில் தோற்ற பிரான்ஸ், 1763 பாரீஸ் உடன்படிக்கையில் கனடாவை பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்து, இந்தச் சின்னத் தீவைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டது. சர்க்கரை லாபம் அப்படி! (உங்கள் காரைக்காலும் அதே உடன்படிக்கையில்தான் பிரான்சிடம் திரும்பியது.) சர்க்கரை என்றால் அடிமைகள். 1794-இல் ஒழித்த அடிமைமுறையை 1802-இல் நெப்போலியன் படை அனுப்பித் திரும்பக் கொண்டுவந்தார். எதிர்த்து நின்ற அதிகாரி லூயி டெல்கிரேஸ், சரணடைய மனமில்லாமல் தன் ஆட்களோடு வெடிமருந்துக்குத் தீ வைத்து மாண்டார். 1848-இல் ஒருவழியாக அடிமைமுறை ஒழிந்தது. நட்டஈடும் கொடுத்தார்கள், முதலாளிகளுக்கு.

அப்புறம்தான் நம் ஆட்கள். 1854 கடைசியில் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. 1889 வரை இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 42,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கினார்கள். பலர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஏறியவர்கள். அவர்கள் பிள்ளைகள் அங்கேயே பிறந்தும் வாக்குரிமை இல்லை. ஆன்ரி சிதம்பரம் என்பவர் 1904-இல் தொடங்கி 1923 வரை போராடித்தான் அது கிடைத்தது. கொடுப்பினை என்று சொல்லும்முன் அந்த 19 ஆண்டுகளையும் கணக்கில் சேருங்கள்.

‘இறக்குமதி விலை அதிகமென்றால் வீட்டுக் கொல்லையில் பயிர் வைக்கலாமே?’ என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். வாழையில் கூன்வண்டை ஒழிக்க 1972 முதல் குளோர்டெகோன் என்ற மருந்து அடித்தார்கள். அமெரிக்காவில் அதைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள் நோயில் விழுந்து, 1975-இலேயே அந்த ஆலையை மூடிவிட்டார்கள். பிரான்ஸ் 1990-இல் தடை செய்தது. குவாதலூப், இன்னொரு பிரெஞ்சுக் கரீபியன் தீவான மார்த்தினிக் ஆகியவற்றின் வாழைத் தோட்டங்களுக்கு மட்டும் 1993 வரை விலக்கு! நூற்றாண்டுக் கணக்கில் மண்ணைவிட்டுப் போகாத நஞ்சு அது. அங்கே வயதுவந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் இருக்கிறது. நஞ்சேறிய நிலத்தில் கிழங்கு போட முடியாது, சில கடற்கரைகளில் மீன்பிடிக்கவும் தடை. 2023 ஜனவரியில் பாரீஸ் நீதிபதிகள் இந்த நஞ்சு பற்றிய விசாரணையை முடித்துக்கொண்டார்கள். ஒருவர் மீதும் குற்றச்சாட்டு இல்லை.