'டிலிமிட்' என்பது வரம்பை நீக்குவதன்று

கேள்வி: கடல் எல்லை குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் 'டிலிமிட்' என்னும் ஆங்கில வினைச்சொல்லை 'எல்லை வரையறு' என்று தமிழாக்கியிருந்தீர்கள். 'லிமிட்' என்றால் வரம்பு. அதன் முன்னால் 'டி' சேர்ந்தால் வரம்பை நீக்குவது என்றுதானே பொருள்? 'டிகோட்', 'டிஃப்ராஸ்ட்' போன்ற சொற்களில் அப்படித்தானே வருகிறது? இல்லை, 'லிமிட்' என்பதும் 'டிலிமிட்' என்பதும் ஒன்றுதான் என்றால், ஆய்வேடுகளில் 'லிமிட்டேஷன்ஸ்', 'டிலிமிட்டேஷன்ஸ்' என்று இரண்டு தலைப்புகள் எதற்கு? திருத்தம் வெளியிடுவீர்களா?

பதில்: திருத்தம் வெளியிடப் போவதில்லை, கட்டுரையின் தமிழாக்கம் சரியானது. ஆனால் உங்கள் ஐயம் பலருக்கும் இருப்பது. சட்டமும் ஆய்வும் சார்ந்த எழுத்தில் இந்தக் குழப்பம் பொருளையே புரட்டிப் போட்டுவிடும் என்பதால் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முன்னொட்டிலிருந்து தொடங்குவோம். 'டி' என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் நீக்கத்தைக் குறிப்பவை என்று கொண்டதில்தான் வழி தவறியிருக்கிறது. இலத்தீன் மொழியில் அந்த முன்னொட்டுக்கு விலக்கல், கீழிறக்கல் ஆகிய பொருள்களோடு, ஒரு செயலை முழுமையாகச் செய்து முடித்தல் என்ற பொருளும் உண்டு. 'டிஃபைன்' என்ற சொல்லின் உள்ளே இருப்பது முடிவு, எல்லை என்று பொருள்படும் 'ஃபினிஸ்'. 'டிலினியேட்' என்பதன் உள்ளே இருப்பது கோட்டைக் குறிக்கும் 'லீனியா'. 'டிஃபைன்' என்பதற்கு எல்லையை எடுத்துவிடுதல் என்று நீங்கள் பொருள் கொள்வதில்லை. 'டிலினியேட்' என்பதற்குக் கோட்டை அழித்தல் என்றும் கொள்வதில்லை. 'டிலிமிட்' அந்தக் குடும்பத்துச் சொல். பிரெஞ்சு வழியாக 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த அதன் வேர், வயல்களுக்கு இடையே எல்லையாகச் செல்லும் பாதையைக் குறித்த 'லீமெஸ்' என்னும் இலத்தீன் சொல். வரம்பை நீக்குவதைச் சொல்ல வேண்டுமானால் ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொற்கள் இருக்கின்றன. சாலையில் வேகக் கட்டுப்பாட்டை எடுப்பதற்குப் பிரிட்டனில் 'டிரெஸ்ட்ரிக்ட்' என்பார்கள். தொழில் மீதான அரசுக் கட்டுப்பாடுகளை விலக்குவதற்கு 'டிரெகுலேட்' என்பார்கள்.

அப்படியானால் 'லிமிட்' என்பதும் 'டிலிமிட்' என்பதும் ஒன்றா என்ற அடுத்த கேள்விக்கும் விடை, இல்லை என்பதுதான். 'லிமிட்' என்னும் வினை ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுப்பதைச் சொல்கிறது. செலவையோ வேகத்தையோ பேசும் நேரத்தையோ குறைத்து நிறுத்துவது அதன் வேலை. 'டிலிமிட்' எதையும் குறைப்பதில்லை. ஒன்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத் தீர்மானித்துச் சொல்வதே அதன் வேலை. வரப்பு போட்டதால் வயல் சுருங்கிவிடுவதில்லை. இது யாருடைய வயல் என்பதும் எதுவரை உழலாம் என்பதும் அதனால் தெளிவாகின்றன.

இவ்விரண்டையும் எவ்வளவு கவனமாகப் பிரித்து ஆள முடியும் என்பதற்கு, அந்தக் கட்டுரை பேசிய 1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கையே சான்று. கரையோர நாடு ஒன்று தன் ஆட்சிக்குரிய கடலின் அகலத்தை 12 கடல் மைலுக்கு மேற்படாமல் வைத்துக்கொள்ளலாம் என்று கூறும் 3-ஆம் பிரிவில் வருவது 'லிமிட்'. ஏனெனில் அங்கே பேசப்படுவது உச்ச அளவு. எதிரெதிராகவோ அடுத்தடுத்தோ கரைகளைக் கொண்ட இரு நாடுகளின் கடற்பரப்புகளைப் பிரிக்கும் கோட்டைப் பற்றிய 15, 74, 83 ஆகிய பிரிவுகளில் வருவது 'டிலிமிட்டேஷன்'. கடல் வளங்களின் மீது கரையோர நாட்டுக்கு உரிமை உள்ள பரப்பான தனிப் பொருளாதார மண்டலம் 200 கடல் மைல் வரை நீளலாம் என்பதால், எதிரெதிர்க் கரைகளுக்கு இடையே 400 கடல் மைலுக்குக் குறைவாக இருந்தால் இருவர் உரிமையும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்த இடத்தில் அளவைக் கூறினால் மட்டும் போதாது, கோடு எங்கே செல்கிறது என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். இந்த இடத்தில் 'டிலிமிட்' என்பதை 'வரம்பை நீக்கு' என்று மொழிபெயர்த்திருந்தால், இரு நாடுகளும் தங்களுக்குள் எல்லையே வேண்டாம் என்று ஒப்புக்கொண்டதாகத் தமிழ் வாசகர் புரிந்துகொண்டிருப்பார்.

இதே துறையில் 'டிமார்கேட்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. அதையும் 'டிலிமிட்' என்பதோடு கலந்துவிடக் கூடாது. எல்லைக் கோட்டை ஒப்பந்தத்திலும் வரைபடத்திலும் தீர்மானிப்பது 'டிலிமிட்'. அந்தக் கோட்டைத் தரையில் கல் நட்டும் தூண் நிறுத்தியும் காட்டுவது 'டிமார்கேட்'. எரித்திரியாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் இடையிலான எல்லையை, 2000-ஆம் ஆண்டு அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தின்படி அமைந்த ஆணையம் 2002 ஏப்ரலில் எழுத்தில் வரையறுத்துவிட்டது. ஆனால் இரு தரப்பும் ஒத்துவராததால் தரையில் தூண்களை நிறுத்த முடியாமல் ஆண்டுகள் கடந்தன. கடைசியில் 2007 நவம்பரில், தூண்களுக்குப் பதிலாகப் புவி ஆயத்தொலைவுகளைக் கொண்டே எல்லை குறிக்கப்பட்டதாக அந்த ஆணையம் அறிவித்துத் தன் பணியை முடித்துக்கொண்டது. இரண்டு சொற்களுக்கும் 'எல்லை நிர்ணயம்' என்று ஒரே தொடரை எழுதுகிறவர், இந்த வரலாற்றைத் தமிழில் சொல்லவே முடியாது.

நாளிதழ்களில் நாம் காணும் தொகுதி மறுவரையறையும் இந்தச் சொல்லின் வழி வந்ததே. அதிலும் இரு வேலைகள் வேறுவேறாக நிற்பதைப் பார்க்கலாம். 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் உரிய மக்களவை இடங்களின் எண்ணிக்கையை இருந்தபடியே நிறுத்தியது. அது எண்ணிக்கைக்கு இட்ட வரம்பு. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையம், அந்த எண்ணிக்கையைத் தொடாமல், தொகுதிகளின் எல்லைக் கோடுகளை 2001 மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு மாற்றி வரைந்தது. இடங்களைக் கூட்டுவது, குறைப்பது பற்றிய வாதத்தையும் எல்லைகளை வரைவது பற்றிய வாதத்தையும் கட்டுரையாளர்கள் பிரித்து எழுத வேண்டும் என்று நான் தொடர்ந்து வற்புறுத்துவது இதனால்தான்.

கணினித் துறையிலும் நிலைமை இதுவே. காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்பில், ஒரு புலம், அதாவது ஒரு தனித் தகவல், முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைக் காட்டும் காற்புள்ளி 'டிலிமிட்டர்' எனப்படுகிறது. ஒரு புலத்தில் எத்தனை எழுத்துகள் வரலாம் என்பதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. அதைத் தீர்மானிப்பது 'லிமிட்'.

பயன்படுத்தும் முறை குறித்து ஒன்று சொல்ல வேண்டும். 'டிலிமிட்' என்ற வினைக்குச் செயப்படுபொருளாக நிலம், கடல், அதிகாரம், பொருட்பரப்பு போன்று எல்லை உடையவையே வர வேண்டும். ஓர் ஆறு ஒரு நிலப்பகுதியை 'டிலிமிட்' செய்கிறது என்று எழுதலாம். ஒரு சட்டம் இரு அமைப்புகளின் அதிகாரங்களை 'டிலிமிட்' செய்கிறது என்றும் எழுதலாம். செலவையோ உப்பையோ 'டிலிமிட்' செய்வதாக எழுதினால், கடினமான சொல்லை ஆளும் ஆசையில் எளிய சொல்லைக் கைவிட்டதாகவே பொருள்.

ஆய்வேட்டில் இரண்டு தலைப்புகள் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். 'டிலிமிட்டேஷன்ஸ்' என்ற தலைப்பின்கீழ், ஆய்வாளர் தாமே தெரிந்து இட்டுக்கொண்ட எல்லைகள் வர வேண்டும். எந்தக் காலப்பகுதியை எடுத்துக்கொண்டார், எந்த வயதினரை மட்டும் ஆராய்ந்தார், எவற்றை விட்டார், ஏன் விட்டார் என்பவை அவை. 'லிமிட்டேஷன்ஸ்' என்ற தலைப்பின்கீழ், அவர் விரும்பாமலே வந்து சேர்ந்த குறைகள் வர வேண்டும். பாதிப் பேர் வினாத்தாளைத் திருப்பி அனுப்பவில்லை, பழைய ஆவணங்கள் சிதைந்திருந்தன என்பன போன்றவை அவை. முன்னது ஆய்வாளர் எடுத்த முடிவு, அதற்கு அவர் காரணம் காட்ட வேண்டும்; பின்னது அவருக்கு நேர்ந்த தடை, முடிவுகளை அது எவ்வளவு பாதிக்கிறது என்று அவர் ஒளிக்காமல் கூற வேண்டும். தமிழில் முன்னதற்கு 'ஆய்வெல்லை' என்றும் பின்னதற்கு 'ஆய்வின் குறைகள்' என்றும் தலைப்பிடுங்கள். இரண்டுக்கும் 'வரம்புகள்' என்று எழுதி வரும் ஆய்வுக் கட்டுரைகளை இந்த இதழ் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பும்.