ஆண் இல்லாமலே பெருக முடியும் என்றால், விலங்குகள் ஏன் பால் இனப்பெருக்கத்துக்கு மாறின?

கேள்வியில் உள்ள 'மாறின' என்ற சொல்லில்தான் சிக்கல். விலங்குகள் அப்படி மாறவே இல்லை. ஆண் செல்லும் பெண் செல்லும் கலப்பது விலங்குகள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது. சுமார் 100 கோடி ஆண்டுப் பழமையான சிவப்புப் பாசிப் புதைபடிவத்திலேயே அதன் தடயம் உண்டு. விலங்குகளுக்கு அது பிறவிச் சொத்து. இன்று பெண்களை மட்டுமே கொண்டு வாழும் இனங்கள் பழைய நிலையில் தேங்கியவை அல்ல, கையில் இருந்ததை விட்டவை. ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: விட்டால் இவ்வளவு லாபம் என்றால், மற்றவை ஏன் விடவில்லை?

லாபம் எவ்வளவு என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். விலங்கியல் படித்த நாட்களில் ஒரு தளிரில் அப்பியிருந்த அசுவினிப் பூச்சிகளைக் கைலென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றின் பின்பக்கத்திலிருந்து வெளிர்பச்சைக் குட்டி ஒன்று, வால்பக்கம் முன்னால் வர, மெல்ல இறங்கியது. தலை வெளியே வரும் முன்பே கால்களால் துழாவியது. பிடி கிடைத்ததும் தன்னை உருவிக்கொண்டு நகர்ந்துவிட்டது. தாய் சாறு உறிஞ்சுவதை நிறுத்தவே இல்லை. அந்தத் துளிக் குட்டியின் வயிற்றுக்குள் அப்போதே அடுத்த தலைமுறையின் கரு வளர்ந்துகொண்டிருக்கும் என்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்தது. 1740இல் சார்லஸ் பொன்னே என்ற இளைஞர் அப்போதுதான் பிறந்த அசுவினி ஒன்றைத் தனியே அடைத்து, எந்த ஆணும் அண்டாமல் வளர்த்தார். அது 95 குட்டிகளை ஈன்றது.

இப்போது கணக்கு. ஒரு தாய்க்கு நான்கு பிள்ளைகள் என்றால், ஆணோடு கூடிப் பெற்றால் சராசரியாக இரண்டு பெண், இரண்டு ஆண். நான்கையும் பெண்ணாகவே பெறுகிறவளின் மகள் வழி பத்தே தலைமுறையில் மற்றவளுடையதைவிட 1,024 மடங்காகிவிடும். பரிணாம உயிரியலாளர் ஜான் மேனார்ட் ஸ்மித் 1970களில் இந்த இரட்டிப்பு நட்டத்தை எடுத்துக்காட்டியதிலிருந்து பரிணாம உயிரியலில் இது பெரிய கேள்வி.

சரி, அப்புறம் எப்படி ஆண்கள் இன்னும் இருக்கிறார்கள்?

கையால் படியெடுத்த நூலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே படியைப் பார்த்து அடுத்தவர், அதைப் பார்த்து அடுத்தவர் என்று எழுதினால் பிழை கூடுமே தவிரக் குறையாது. வெவ்வேறு இடங்களில் பிழையுள்ள இரண்டு படிகள் கிடைத்தால், ஒப்பிட்டுச் சுத்தமான பாடத்தை மீட்கலாம். மரபணுக்களிலும் அப்படித்தான். தாய்வழி, தந்தைவழிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் பிழை குறைந்த பிள்ளையும் பிறக்க வழி உண்டு. அந்த வழியை அடைத்தவர்களிடம் கெட்ட திடீர்மாற்றங்கள், அதாவது மரபணுப் பிழைகள், ஒரு பக்கம் மட்டுமே சுழலும் பல்சக்கரம் போல ஏறிக்கொண்டே போகும். மரபியலாளர் ஹெர்மன் முல்லர் 1964இல் சொன்னது இது.

ஆனால் பிழை சேர நாளாகும், இரட்டிப்பு லாபமோ உடனே கிடைக்கும். அதனால் எனக்கு அதிக நம்பிக்கை தரும் விளக்கம் ஒட்டுண்ணிகள்தான். நியூசிலாந்து ஏரிகளில் ஒரு சிறு நத்தை இருக்கிறது. அதே இனத்தில் ஆணோடு கூடுபவையும் தனியே பெருகுபவையும் அருகருகே வாழ்கின்றன. ஒரு தட்டைப்புழு அவற்றுக்குள் புகுந்து மலடாக்கிவிடும். உயிரியலாளர் கர்ட்டிஸ் லைவ்லியும் அவரோடு உழைத்தவர்களும் பல ஆண்டுகள் பார்த்தார்கள்: புழுத்தொல்லை மிகுந்த இடங்களில் ஆணோடு கூடும் நத்தைகள் அதிகம். தனியே பெருகுபவற்றில் எண்ணிக்கையில் ஓங்கியிருந்த நகல் வம்சங்களைத்தான் புழு பிறகு தேடிப் பிடித்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு என்றால் திருடனுக்கு ஒரு சாவி போதும். பால் கலப்பு தலைமுறைக்குத் தலைமுறை பூட்டை மாற்றுகிறது.

அசுவினி இரண்டு வழியையும் கையில் வைத்திருக்கிறது. வசந்தத்திலும் கோடையிலும் நகலெடுக்கும் அது, குளிர்ப் பிரதேசங்களில் இலையுதிர்காலம் வந்ததும் ஆண்களையும் ஈன்று, கூடி, பனியைத் தாங்கும் முட்டைகளை இடுகிறது.

முழுக்கப் பெண்களாகிவிட்ட இனங்களும் உண்டு. பூந்தொட்டி மண்ணோடு உலகம் சுற்றிய புழுப்பாம்பு, அமெரிக்கப் பாலைவனத்துச் சாட்டைவால் பல்லிகள் சில. பரிணாம மரத்தில் இவை பெரும்பாலும் நுனிக்கிளைகள். நெருங்கிய உறவினர்கள் ஆணோடு கூடுபவர்களே. கிளை அடிக்கடி துளிர்க்கிறது, நீண்டு வளர்வதில்லை. பாலூட்டிகளுக்கோ இந்த வழியே அடைபட்டிருக்கிறது: சில மரபணுக்கள் தந்தையிடமிருந்து வந்தால்தான் வேலை செய்யும், அவை இல்லாமல் கரு முழுதாய் வளராது.

இத்தனைக்கும் பெரிய விதிவிலக்கு டெல்லாய்டு ரோட்டிஃபர்கள். பாசியிலும் குட்டையிலும் வாழும் நுண்விலங்குகள், 400க்கும் மேற்பட்ட இனங்கள். ஆண் ஒன்றைக்கூட யாரும் உறுதியாகப் பார்த்ததில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அழியாமல் இருக்கின்றன. பாக்டீரியாவிலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் மரபணுக்களை வாங்கிச் சேர்த்திருக்கின்றன. கொல்லும் பூஞ்சை தொற்றினாலும் இவற்றிடம் ஒரு வழி இருக்கிறது. ஈரம் வற்றும்போது சுருங்கித் தூசாகிக் காற்றில் பறந்துவிடும். அந்த நீண்ட வறட்சியில் பூஞ்சை செத்துப்போகும். எங்கோ ஒரு துளித் தண்ணீரில் நனைந்ததும் ரோட்டிஃபர் மட்டும் எழுந்து மறுபடி முட்டையிடத் தொடங்கும்.