கோயிலை ‘ஆவணப்படுத்துதல்’ என்றால் என்ன? அதற்கு வெளிநாட்டார் எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் கும்பாபிஷேகம் நெருங்கினால் இந்தக் கேள்வி எழும். ஒரு கல்லை அசைக்கும் முன்பே அதன் இடம், அளவு, விரிசல் அனைத்தையும் வரைந்து, எண்ணிட்டு, படமெடுத்து வைப்பதுதான் ஆவணப்படுத்துதல். லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) பிரிக்கும் தச்சர் பலகைதோறும் எண் எழுதுவாரே, அதுபோல. எண் தவறினால் பலகை பொருந்தாது.

பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசுவதுதான் பெரிய கேடு. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உப்பாகப் பூத்து, பூச்சோடு செங்கல்லையும் உதிர்க்கும். பழைய பூச்சின் கலவையை முதலிலேயே குறித்திருந்தால் இந்தத் தவறு நேராது.

வெளிநாட்டார் எதற்கு என்பதற்கு ஒரு சான்று: லாவோஸின் வாட் ஃபூ, சிவன் கோயிலாக இருந்து பௌத்த யாத்திரைத் தலமானது. 2001-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கு இந்தியத் தொல்லியல் துறையும் சீரமைப்பில் கைகொடுத்தது. கற்கோயில் அனுபவம், கருவி, பயிற்சி ஆகியவற்றைப் பகிர்வதே இத்தகைய உதவி.

வெளிநாட்டுக் குழு வந்தால் வழிபாடு நின்றுவிடும் என்ற அச்சம் தவறு: வாட் ஃபூவில் ஆண்டுத் திருவிழா இன்றும் நடக்கிறது.