பதில்: மலையேறும்போது கிளட்ச் வழுக்குகிறது, வீட்டிலேயே மாற்றலாமா?

தம்பி, கெந்திங் மலை ஏற்றத்தில் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறுது, காரின் வேகம் ஏறலைன்னு எழுதியிருக்கீங்க. 1994 மஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர். அது கிளட்ச் டிஸ்க் தேய்ந்ததற்கான அறிகுறிதான். கியர் விழவே அடம்பிடித்தால் முதலில் ஸ்லேவ் சிலிண்டர் (பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தத்தில் கிளட்சை விடுவிக்கும் சிறு உருளை) ஒழுகுதான்னு பாருங்க. அதற்காக கியர்பாக்ஸை இறக்க வேண்டாம்.

வீட்டில் செய்யலாம். ஆனால் செந்தூலில் உங்க வீட்டு முன்னால் தரை சாய்வுன்னு சொன்னீங்களே, அதுதான் எனக்குக் கவலை. சமமான சிமெண்ட் தரை, காரைத் தாங்க நான்கு ஸ்டாண்ட், கூட ஒரு ஆள். இது மூன்றும் இல்லாமல் காருக்கு அடியில் போகாதீங்க. வெறும் ஜேக்கை நம்பவே கூடாது.

கிளட்சை எடுக்க கியர்பாக்ஸை இறக்கியாகணும். இந்தக் காரில் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பகுதி) ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்குது. அதைக் கழற்றும் முன் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜேக் கொடுங்க, இல்லையென்றால் எஞ்சின் பின்பக்கம் சாயும். கியர்பாக்ஸின் மேல் போல்ட்டுகளுக்கு, ஸ்பேனரில் மாட்டும் நீளமான எக்ஸ்டென்ஷன் வேணும். பொறுமை சோதிக்கும் இடம் அதுதான்.

சாமான் வாங்கும்போது கவனம்: 1.6 லிட்டர் எஞ்சினுக்கு 200 மில்லிமீட்டர் டிஸ்க், உங்களுடையதற்கு 215. ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் கிளட்சை அழுத்துவது), பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்குவது) இரண்டையும் சேர்த்தே மாற்றுங்க. டிஸ்க் அழுந்தும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீலில் நீலக் கறை, வெடிப்பு தெரிந்தால் லேத் பட்டறையில் காட்டுங்க. எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் புது டிஸ்க்கும் வீண்தான், அதனால் அதையும் இப்பவே பாருங்க.

பழைய கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதாதீங்க, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைங்க.

டிஸ்க்கை நடுவில் நிறுத்தும் பிளாஸ்டிக் கருவி கிட்டோடு வருதான்னு கடையிலேயே கேட்டுடுங்க.