சைக்கிள் ஓட்டத் தொடங்க 92,000 ரூபாய் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போக 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 21,000. சுகர் எல்லையில் நிற்கிறது, உடற்பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஞாயிறு காலையில் சிறுவாணி சாலைப் பக்கம் சைக்கிளில் போகும் ஆபீஸ் நண்பர்களோடு சேரலாம் என்று ஆசை. அவர்கள் கொடுத்த பட்டியல்: சைக்கிள் 48,000, ஜிபிஎஸ் கருவி 18,000, கிளிப் பெடலும் ஷூவும் 9,000, ஜெர்சி வகையறா 7,000, ஹெல்மெட் 6,000, கண்ணாடி 4,000. மொத்தம் 92,000. கிரெடிட் கார்டில் 12 மாத 'நோ காஸ்ட் இஎம்ஐ' கிடைக்கிறது. வாங்கலாமா? கடைசியாக சைக்கிள் ஓட்டியது கல்லூரியில்.

பதில்: நீங்கள் எழுதியதில் முக்கியமானது அந்தக் கடைசி வரி. பட்டியலைக் கொடுத்தவர்கள் பல வருடமாக ஓட்டுகிறவர்கள். இன்று தங்களிடம் இருப்பதை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், தொடங்கும்போது வைத்திருந்ததை அல்ல.

முதலில் கடன். 92,000 ரூபாயை 12 மாதத்துக்குப் பிரித்தால் தவணை 7,667. வீட்டுக் கடனையும் சேர்த்தால் கைக்கு வரும் சம்பளத்தில் 46 சதவீதம் தவணைக்கே போய்விடும். 'நோ காஸ்ட்' என்பதிலும் வட்டி உண்டு. அந்த அளவுக்குக் கடைக்காரர் விலையைக் குறைத்துக் காட்டுகிறார், அவ்வளவுதான். வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்கள்தான் கட்ட வேண்டும். வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம் என்று வைத்தால் இந்தத் தொகைக்கு வரி மட்டும் சுமார் 1,350 ரூபாய். பிராசசிங் கட்டணம் தனி. ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், உண்மை விலை தெரியும்.

இந்த மாதிரி செலவுக்கு நான் போடும் கணக்கு ஒன்றுதான்: மூன்று மாதத்தில் விட்டுவிட்டால் எவ்வளவு போகும்? சைக்கிளை விற்கலாம், பாதி விலை வந்தாலே நல்ல பேரம். ஆனால் நீங்கள் போட்டுக் கழற்றிய ஜெர்சியையும் ஷூவையும் யார் வாங்குவார்கள்? அதனால் உயிருக்கும் பஞ்சருக்கும் வேண்டியதை முதல் நாளே வாங்குங்கள். மற்றதெல்லாம் ஓட ஓட வரட்டும்.

சைக்கிளுக்கு 24,000 ரூபாயைத் தாண்ட வேண்டாம். தார் ரோட்டில் ஓட்டப் போகிற உங்களுக்கு சஸ்பென்ஷன் இல்லாத ஹைப்ரிட், அதாவது ரோடு பைக்குக்கும் மவுண்டன் பைக்குக்கும் நடுவான சைக்கிள், போதும். இந்த விலையில் வரும் முன்பக்க சஸ்பென்ஷன் பெரும்பாலும் எடையைத்தான் கூட்டும். டயர் கொஞ்சம் அகலமாக, 35 மி.மீ. அளவில் இருந்தால் நம் ஊர்ப் பள்ளங்களைத் தாங்கும். எல்லாவற்றையும் விட ஃப்ரேம் சைஸ் முக்கியம். சைஸ் தப்பினால் முழங்காலும் இடுப்பும் வலிக்கும், சைக்கிள் பால்கனிக்குப் போய்விடும். அதனால் கடைக்கே போய் ஏறிப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், சீட்டின் உயரம் அதுதான். ஆன்லைனில் நூறு இருநூறு குறையலாம். பாதி கழற்றி வரும் சைக்கிளைப் பூட்டி கியர் சரிசெய்ய மெக்கானிக்குக் கொடுக்கும்போது அது திரும்பப் போய்விடும். முதல் சர்வீஸ் இலவசமா என்பதையும் கடையில் கேளுங்கள். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலை ஸ்டிக்கரைக் காட்டினால் பில்லைப் பார்த்துப் பேசுங்கள்.

ஹெல்மெட்டுக்கு 2,000 போதும். உள்ளே இஎன் 1078 அல்லது சிபிஎஸ்சி என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தலையை ஆட்டினால் அது தனியாக ஆடக்கூடாது. 6,000 ரூபாய் ஹெல்மெட்டில் எடை குறைவு, காற்று நன்றாக வரும், அதெல்லாம் சுகம். ஆனால் பழைய ஹெல்மெட் மட்டும் வாங்காதீர்கள். ஒருமுறை பலமாக அடிபட்டதை வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் நண்பர்கள் விட்டது விளக்கு. விடியும் முன் கிளம்புகிறவருக்கு முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு இரண்டும் கட்டாயம், 1,500 ரூபாய். பஞ்சருக்கு ஒரு மாற்று டியூப், டயர் லீவர், பேட்ச், ஆலன் கீ செட், கையடக்கப் பம்ப், எல்லாம் சேர்ந்து 1,500. டியூப் வாங்கும்போது அதன் வால்வு உங்கள் சைக்கிளில் உள்ள அதே வகையா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டுக்குக் காற்றழுத்த மீட்டர் உள்ள நின்றடிக்கும் பம்ப் 1,200. எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். பூட்டு 800. ஆக மொத்தம் 31,000 ரூபாய். மூன்று மாதம் பத்தாயிரம் சொச்சம் எடுத்து வைத்தால் கடனே வேண்டாம். அந்த இடைவெளியில் நண்பர் ஒருவரின் சைக்கிளை இரண்டு ஞாயிறு இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள்.

மீதிப் பட்டியலில் முதலில் வர வேண்டியது பேட் வைத்த ஷார்ட்ஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டத் தொடங்கியதும் 1,200 ரூபாயில் ஒன்று எடுங்கள். உள்ளே ஜட்டி போடக்கூடாது, போட்டால் தோல் உரசிப் புண்ணாகும். கடையில் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். ஜெர்சிக்குப் பதில் பளிச்சென்ற நிறத்தில் வீட்டில் இருக்கும் டிஷர்ட். பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் ஷூ இப்போது வேண்டவே வேண்டாம். காலை விடுவிக்கப் பழகும் வரை சிக்னலில் நின்ற இடத்திலேயே விழுவார்கள். ஜிபிஎஸ் வேலையை உங்கள் போன் செய்யும். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்தில் முடிக்கச் சொல்லும் 'பிரெவே' என்ற நெடுந்தூரப் பயணங்களுக்குப் பெயர் கொடுக்கும் நாள் வந்தால் அப்போது வாங்கலாம்.

பட்டியலில் இல்லாத ஒரு செலவும் உண்டு. பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம், ஆண்டுக்கு 20 ரூபாய், வங்கிக் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். மருத்துவமனைச் செலவை அது தராது. அதற்கு ஆபீஸ் காப்பீடு எவ்வளவு என்று எச்ஆரிடம் கேட்டுவிட்டு சைக்கிளை எடுங்கள்.